உடன் வருவனவெல்லாம் காரணமாமோ?

நீரிழிவு என்னும் நோய் ஒரு காலத்தில் செல்வர்க்கும் முதியோர்க்குமே உரியது என்று எண்ணப்பட்டது. உழைப்பின்றி உண்டு களிப்போரைத் தேடி வரும் நோய் என்று அதனை எள்ளி நகையாடுவாரும் இருந்தனர். அவ்வெண்ணம் இன்று முற்றும் பொய்யாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடெங்கும் 1,13,043 பேரிடம் நிகழ்த்தப்பெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அதன்படி, இந்நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 11.4 பேர் நீரிழிவுடையர்; தொகையிற் கூறின் 10 கோடிக்கு மேற்பட்டோர். அந்நோயின் வாயிற்படியில் நிற்போர் நூற்றுக்கு 15.3 பேர். தமிழ்நாட்டிலோ நோயுடையார் நூற்றுக்கு 14.4 பேர். நம் வீதியில் வாழும் பெரியோரை எண்ணிப் பார்ப்பின் எழுவருள் ஒருவர் இந்நோய்க்கு ஆளாகியிருப்பார் என்பது பெறப்படும். அவ்வொருவர் நம் தந்தையாராகவும் இருத்தல் கூடும். ஆசிரியராகவும் இருத்தல் கூடும். சில ஆண்டு கழிந்தபின் நாமேயாகவும் இருத்தல் கூடும்.

இந்நோய் புகுந்த இல்லங்களிலெல்லாம் குருதிச் சோதனைத் தாள் ஒன்று அலமாரியில் பேணி வைக்கப்பட்டிருக்கும். அதனுள் சர்க்கரைக்கு ஒரு வரி, கொழுப்பு வகைகட்குச் சில வரிகள், யூரிக் அமிலத்திற்கு ஒரு வரி. வரம்பு கடந்த எண்கள் தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அத்தாளைக் கையில் எடுக்கும் நம்மவர் இரு வகையாகப் பிழைபடுகின்றனர். ஒரு சாரார் ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு தனி நோயாகக் கொண்டு, ஒவ்வொன்றற்கும் ஒரு பத்தியமும் ஒரு மாத்திரையும் தேடுகின்றனர். மற்றொரு சாரார் யாதேனும் ஒரு வரியைப் பற்றிக்கொண்டு, ‘இதனாலன்றோ எல்லாம் வந்தன!’ என்று அதனையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றனர். அண்மைக் காலத்தில் அக்கூண்டில் மிகுதியாக நிறுத்தப்படுவது யூரிக் அமிலம். இவ்விரு சாராரும் கொண்ட கருத்துப் பொருந்தாது என்பதும், அப்பொருந்தாமை அடுக்களையில் நாள்தோறும் தீங்கு விளைக்கின்றது என்பதுமே இக்கட்டுரையில் யான் எடுத்துரைக்க விழைவன.

‘தமிழ் பயில்வானுக்கு மருத்துவத்தில் என்ன வேலை?’ என்று நண்பர் சிலர் வினவக்கூடும். மருந்து கூறுவது என் வேலை அன்று. சொல்லை ஆராய்வது என் வேலை. இவ்வழக்கோ அடியில் ஒரு வேற்றுமையுருபைப் பற்றிய வழக்கேயாகும். மூன்றாம் வேற்றுமைக்கு நம் இலக்கணிகள் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி எனப் பொருள் வகுத்தனர். ‘வாளால் வெட்டினான்’ என்புழி வாள் கருவி. ‘தச்சனால் கட்டப்பட்டது’ என்புழித் தச்சன் கருத்தா. ‘தந்தையொடு மகன் வந்தான்’ என்புழியோ, தந்தை மகனது வரவுக்குக் கருவியும் அல்லன், கருத்தாவும் அல்லன். இருவரும் உடன் வந்தனர், அவ்வளவே. இருவரையும் வரச் செய்தது ஒரு திருமண அழைப்பாக இருக்கலாம். ஆகவே, ‘யூரிக் அமிலத்தால் நீரிழிவு வந்தது’ என்பதற்கும், ‘யூரிக் அமிலத்தோடு நீரிழிவு வந்தது’ என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. ‘ஆல்’ என்றால் யூரிக் அமிலத்தைக் குறைத்தால் நீரிழிவு விலகும். ‘ஓடு’ என்றால் அதனைக் குறைப்பதனால் நீரிழிவு விலகாது. அழைத்தவர் யார் என்று தேடவேண்டும். ஒரே வேற்றுமையுள் இரண்டும் அடங்கியிருத்தலாற்போலும் நாம் அவற்றை எளிதில் மயங்கிக் கொள்கிறோம்!

இனி இம்மூவரும் யாவர் என்பதைத் தனித்தனியே காண்போம்.

யூரிக் அமிலத்தை முதன்முதற் கண்டவர் சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் ஷீலே. 1776-ஆம் ஆண்டில் சிறுநீர்ப்பைக் கல்லினின்று அவர் அதனைப் பிரித்தறிந்தார். பின்னர், 1848-இல் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் காரட் என்பார், கவுட் எனப்படும் கீல்வாத நோயாளரின் குருதியில் அது மிகுந்திருப்பதைக் காட்டினார். நோயாளரின் குருதி நீரில் சிறிது புளிங்காடி அமிலம் கலந்து, அதில் ஒரு நூலிழையை இட்டு வைத்தால் அந்நூலின்மேல் யூரிக் அமிலப் படிகங்கள் படிந்து நிற்கும். இதுவே அவர் கண்ட எளிய சோதனை. நம் உடலின் உயிரணுக்களிலும், நாம் உண்ணும் ஊனிலும் மீனிலும் பியூரின் என்னும் பொருள் உண்டு. அது சிதைந்து இறுதியில் யூரிக் அமிலமாகின்றது. ஏனைய பாலூட்டிகள் பலவற்றிற்கு அதனையும் சிதைத்து எளிதில் வெளியேற்றும் நொதி ஒன்று உண்டு. மனிதரும் வாலில்லாக் குரங்கினமும் கோடி ஆண்டுகட்கு முன்னரே அந்நொதியை இழந்தனர். ஆதலின் நம் குருதியில் அது இயல்பாகவே சற்று மிகுந்து நிற்கும். நாள்தோறும் விளையும் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும், எஞ்சியதைக் குடலும் வெளியேற்றுகின்றன. குருதியில் ஒரு டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராம் என்னும் அளவைக் கடந்தால் அது படிகமாக உறையும் நிலையை எய்தும்.

குருதிக் கொழுப்பு என்பது ஒரு பொருள் அன்று. பல பொருள்களின் தொகுதி. எண்ணெய் நீரிற் கரையாது. ஆதலின், கொழுப்பானது குருதியாற்றில் செல்லுதற்குப் புரதத்தாலாகிய தோணிகள் வேண்டும். கல்லீரல் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பை ஏற்றி அனுப்பும் தோணி ஒரு வகை. அத்தோணி தன் சுமையை இறக்கியபின் கொலஸ்டிராலை மிகுதியாகத் தாங்கிச் செல்லும் எல்.டி.எல். ஆகின்றது, குருதிக் குழாயின் சுவரிற் படிந்து தீமை செய்வது இதுவே. எச்.டி.எல். என்னும் மற்றொரு வகை கொலஸ்டிராலைக் கல்லீரலுக்கு மீட்டுக் கொணர்வது. இந்தியரிடத்து மிகுதியாகக் காணப்படுவது டிரைகிளிசரைடு உயர்ந்தும் எச்.டி.எல். தாழ்ந்தும் நிற்கும் நிலை. இவ்விரண்டும் நீரிழிவு வருதற்குப் பல ஆண்டு முன்னரேயும் சோதனைத் தாளில் தலைகாட்டும்.

இரண்டாம் வகை நீரிழிவோ இன்சுலின் அறவே இல்லாமையால் வருவதன்று. உடல் இன்சுலினின் ஏவலுக்குச் செவிசாய்க்காமையால் தொடங்குவது. தசையும் கல்லீரலும் கொழுப்புத் திசுவும் அவ்வேவலைப் புறக்கணிக்கத் தொடங்கும்போது, கணையம் மேன்மேலும் இன்சுலினைச் சுரந்து நிலைமையைச் சரிசெய்ய முயலும். சில ஆண்டுகள் அம்முயற்சி வெற்றி பெறும். சர்க்கரை வரம்புக்குள் நிற்கும். கணையம் களைத்துப் போகும் நாளில் சர்க்கரை வரம்பு கடக்கும். நோய் அன்று வந்தது என்று நாம் கருதுகிறோம்; அஃது அன்று வெளிப்பட்டதே உண்மை.

இம்மூன்றையும் ஒருங்கே அழைத்து வரும் அழைப்பு யாது என்பது இப்போது விளங்கும். இன்சுலினுக்குச் செவிசாய்க்காத கொழுப்புத் திசு தன் சேமிப்பைக் கட்டுக்கடங்காமல் வெளிவிடுகின்றது. அக்கொழுப்பு கல்லீரலை அடைகின்றது. கல்லீரல் அதனை டிரைகிளிசரைடுத் தோணிகளாக்கிக் குருதியில் விடுகின்றது. எச்.டி.எல். அதன் விளைவாகத் தாழ்கின்றது. இஃது ஒரு பக்கம். மற்றொரு பக்கம் சிறுநீரகம். தசை செவிசாய்க்காத காலத்தும் சிறுநீரகம் இன்சுலினுக்குச் செவிசாய்த்துக்கொண்டே இருக்கின்றது. மிகுதியாகச் சுரக்கும் இன்சுலின், வெளியேற வேண்டிய யூரிக் அமிலத்தை மீட்டும் குருதிக்கே திருப்புமாறு சிறுநீரகத்தை ஏவுகின்றது. அதனால் யூரிக் அமிலம் உயர்கின்றது. அமெரிக்க அறிஞர் ரீவன் என்பார் 1988-ஆம் ஆண்டில் நிகழ்த்திய சொற்பொழிவில், சர்க்கரைக் கேடு, டிரைகிளிசரைடு உயர்வு, எச்.டி.எல். தாழ்வு, குருதி அழுத்தம் ஆகியவை ஒரே வேரில் கிளைத்தவை என நிறுவ முற்பட்டு, அத்தொகுதிக்கு ‘எக்ஸ் நோய்க்குறித் தொகுதி’ எனப் பெயரிட்டார். 1991-இல் அவரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, இன்சுலினுக்குச் செவிசாய்க்காமை மிகமிகச் சிறுநீர்வழி யூரிக் அமிலம் வெளியேறுவது குறைதலைக் காட்டிற்று.

இத்துணையும் கூறியபின் ஒரு தடை எழும். ‘யூரிக் அமிலம் மிக்காரிடத்துப் பிற்காலத்தில் நீரிழிவு மிகுதியாக வருகின்றது என்று ஆய்வுகள் கூறவில்லையோ?’ கூறின. 2009-இல் பதினொரு நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ஒரு கட்டுரை, யூரிக் அமிலம் ஒரு மில்லிகிராம் உயருந்தோறும் நீரிழிவு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 17 பங்கு மிகுவதாகக் காட்டிற்று. முன் வந்தது காரணம், பின் வந்தது காரியம் என்று முடிவு கட்டுதற்கு இது போதும் எனச் சிலர் எண்ணினர். ஆயின், முன் வருவதெல்லாம் காரணமாகாது. கோழி கூவியபின் பொழுது விடிகின்றது. கோழியால் பொழுது விடிவதில்லை. இன்சுலின் மிகுதி நீரிழிவுக்குப் பல ஆண்டு முன்னரே தொடங்குதலின், அதன் விளைவாகிய யூரிக் அமில உயர்வும் நீரிழிவுக்கு முன்னரே தோன்றும். நோய் முற்றி, சர்க்கரை சிறுநீரில் மிகுதியாகக் கழியும் நிலையில் யூரிக் அமிலமும் அதனோடு கழிந்து குருதியில் குறைதலும் உண்டு. நோயை விளைத்தது யூரிக் அமிலமே என்பார், நோய் முற்றியபின் அது குறைதலையும் விளக்கியாக வேண்டும்.

இவ்வழக்கைத் தீர்த்தற்கு அறிஞர் கண்ட வழி மிக்க நயமுடையது. குழந்தை ஒன்று பெற்றோரிடமிருந்து எம்மரபணுவைப் பெறும் என்பது திருவுளச் சீட்டுப் போல்வது. பிறப்பிலேயே யூரிக் அமிலத்தைச் சற்று உயர்த்தும் மரபணுக்களைச் சிலர் பெறுகின்றனர். அவர் உணவோ உடலுழைப்போ அச்சீட்டை விழச் செய்ததன்று. யூரிக் அமிலமே நீரிழிவுக்குக் காரணமாயின், அச்சீட்டு விழுந்தாரிடத்து நீரிழிவு மிகுந்திருத்தல் வேண்டும். 2011-இலும், பின்னர் ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் மக்களை உட்கொண்டு 2015-இலும் வெளியான ஆய்வுகள் இதனை நோக்கின. அம்மரபணு உடையார்க்குக் கவுட் மிகுதியாக வருகின்றது. நீரிழிவு மிகுதியாக வருவதாகச் சான்று கிடைக்கவில்லை. 2021-இல் வெளியான மற்றோர் ஆய்வு இரு திசையிலும் வினவிற்று: இன்சுலினுக்குச் செவிசாய்க்காமை யூரிக் அமிலத்தை உயர்த்துகின்றது, யூரிக் அமிலம் அச்செவிசாய்க்காமையை விளைத்தலோ காணப்படவில்லை. டிரைகிளிசரைடைப் பற்றியும் 2011-இல் இத்தகைய முடிவே எய்தப்பட்டது; அதனை உயர்த்தும் மரபணுக்கள் நீரிழிவை மிகுவிக்கவில்லை. ஆக, இவ்விரண்டும் நீரிழிவுக்கு ‘ஒடு’ உருபு ஏற்பனவேயன்றி ‘ஆல்’ உருபு ஏற்பன அல்ல.

மாற்றுக் கருத்துடையார் கூற்றையும் மறைத்தல் முறையன்று. எலிகட்குப் பிரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரையை மிகுதியாக ஊட்டிய ஆய்வுகளில், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்து சில கேடுகளைத் தணித்தது. உயிரணுக்களினுள் யூரிக் அமிலம் தீங்கு விளைக்கும் வழிகளையும் சோதனைச் சாலையிற் காட்டியுள்ளனர். இவை பொய்யல்ல. ஆயினும் எலியிடத்துக் கண்டது மனிதரிடத்து நிலைபெற வேண்டும் அன்றோ? யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபூரினால் என்னும் மருந்தினைக் கொண்டு நீரிழிவாளரின் சிறுநீரகத்தைக் காக்க முயன்ற பெருஞ்சோதனை 2020-இல் பயனின்றி முடிந்தது. இதய நோயாளர் ஏறத்தாழ 5,900 பேரிடம் பிரித்தானியாவில் நிகழ்த்திய சோதனையும் 2022-இல் அவ்வாறே முடிந்தது. எண் குறைந்தது, நோயின் போக்கு மாறவில்லை. உடன் வந்தவனைத் தடுத்து நிறுத்தினால் முன் வந்தவன் திரும்பிப் போவானோ?

இவ்விடத்து ஒரு மயக்கம் நேராதபடி காத்தல் வேண்டும். எல்லா எண்ணும் ‘ஒடு’ உருபு உடையனவே என்று எவரும் சோர்ந்துவிட வேண்டா. எல்.டி.எல். கொலஸ்டிரால் மாரடைப்புக்கு மெய்யாகவே ‘ஆல்’ உருபு ஏற்பது. அதனை உயர்த்தும் மரபணுவுடையார் இளமையிலேயே இதய நோய்க்கு ஆளாகின்றனர். அதனைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தைக் கொண்டு 4,444 இதய நோயாளரிடம் நிகழ்த்தி 1994-இல் வெளியிட்ட சோதனை, இறப்பை நூற்றுக்கு 30 பங்கு குறைத்துக் காட்டிற்று. அம்மருந்து நீரிழிவு வரும் வாய்ப்பை நூற்றுக்கு 9 பங்கு உயர்த்துவதாக 2010-இல் அறியப்பட்டது உண்மையே. எனினும் இதயத்தைக் காக்கும் நன்மை அதனினும் பெரிது என்பதே மருத்துவ உலகின் துணிபு. அவ்வாறே, கவுட் நோயால் மூட்டு வீங்கித் துடிப்பார்க்கு யூரிக் அமிலமே நேர்க் காரணம். அவர் தம் மருத்துவர் கொடுத்த மருந்தை இக்கட்டுரையைப் படித்து நிறுத்துவாராயின் பெருந்தீங்கு நேரும். யான் வேண்டுவது ஒன்றே: எவ்வெண், எந்நோய்க்கு, எவ்வுருபை ஏற்கும் என்று கேட்டறிந்து நடத்தல்.

இவ்வுருபு மயக்கத்தின் விலையை யார் கொடுக்கின்றனர்? இதுவே என் நெஞ்சை உறுத்துவது. யூரிக் அமிலம் 7 என்று தாளில் கண்ட மறுநாளே நம் இல்லங்களில் பருப்பு விலக்கப்படுகின்றது. உளுந்தும் சுண்டலும் விலக்கப்படுகின்றன. கீரையும் ஐயத்தோடு நோக்கப்படுகின்றது. ஊன் அரிதாகவும் மீன் சிறிதாகவும் கிடைக்கும் எளிய குடும்பத்தில் புரதம் தருவது பருப்பு ஒன்றே. அது நீங்கிய இடத்தை நிரப்புவது யாது? சோறு. மேலும் ஓர் அகப்பைச் சோறும், ஊறுகாயும், அப்பளமும். நாள் ஒன்றுக்கு நான்கு முறை சர்க்கரை இட்ட தேநீரோ தடையின்றி நடைபெறும். விருந்தினர் வந்தால் குளிர்பானப் புட்டியும் திறக்கப்படும். பருப்பைக் கண்டு அஞ்சியவர் சர்க்கரையைக் கண்டு அஞ்சுவதில்லை!

ஆராய்ச்சியோ இதற்கு நேர்மாறாகப் பேசுகின்றது. அமெரிக்காவில் 47,150 ஆடவரைப் பன்னிரண்டு ஆண்டுகள் நோக்கி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஊனும் கடலுணவும் கவுட் நோயை மிகுவித்தன. பியூரின் மிக்க காய்கறிகள் மிகுவிக்கவில்லை. பாலுணவு மிக்கார்க்கு அந்நோய் குறைந்தே காணப்பட்டது. அதே ஆடவரைப் பற்றி 2008-இல் வெளியான மற்றொரு கட்டுரை, நாள்தோறும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை இனிப்புப் பானம் பருகுவார்க்குக் கவுட் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 85 பங்கு மிகுவதாகக் காட்டிற்று. காரணம் உடலியலில் உண்டு. நாம் உண்ணும் வெள்ளைச் சர்க்கரையிற் பாதி குளுக்கோஸ், மறுபாதி பிரக்டோஸ். கல்லீரல் பிரக்டோஸை விரைந்து பற்றும்போது தன் ஆற்றற் பொருளைச் செலவிடுகின்றது. அச்செலவின் கழிவு யூரிக் அமிலமாகின்றது. எஞ்சிய பிரக்டோஸில் ஒரு பகுதி கொழுப்பாக மாறுகின்றது. ஆகவே யூரிக் அமிலத்தையும் டிரைகிளிசரைடையும் ஒரே கையால் உயர்த்த வல்லது இனிப்புப் பானமே. பழத்தை முழுதாகத் தின்பவர் இதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. நாரும் நீரும் அளவும் அங்கே காவலாக நிற்கின்றன.

‘யாம் இளைஞர், மெலிந்த உடலினர், எமக்கு இக்கவலை எதற்கு?’ என்று என் வகுப்பு நண்பர் கூறுவர். அவர்க்கு ஒரு செய்தி கூறுவேன். புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் நகரத்து மருத்துவர் யுட்கினும் 2004-இல் தம் இருவர் படத்தையும் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டனர். இருவர்க்கும் உயரத்திற்கேற்ற எடை எண் ஒன்றே, 22.3. உடலிற் கொழுப்பின் பங்கை அளந்தபோது யுட்கினுக்கு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்குக்கு 21.2. நம்மவர் உடல் மெலிந்து தோன்றினும் உள்ளே கொழுப்பு மறைந்து நிற்பது உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. எடையை நோக்கி இறுமாவாமல் இடையை அளந்து பாருங்கள். தெற்காசிய ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும், பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கை எல்லைகள். ஒரு நூல் போதும்; குருதி எடுக்க வேண்டுவதில்லை.

அழைத்தவனைத் தடுக்கும் வழி உண்டா எனின், உண்டு. அது தொலைவில் இல்லை; நம் சென்னை மாநகரத்திலேயே மெய்ப்பிக்கப்பட்டது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்து நிகழ்த்தி, 2006-இல் முடிவு வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் அது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் மூன்றாண்டில் நூற்றுக்கு 55 பேர் நோயுற்றனர். நடைப்பயிற்சியும் உணவு ஒழுங்கும் மேற்கொண்ட குழுவில் அத்தொகை 39 அளவில் நின்றது. மெட்ஃபார்மின் மாத்திரை உண்ட குழுவிலும் ஏறத்தாழ அதே அளவு பயனே விளைந்தது. இரண்டையும் சேர்த்துக் கொண்டார்க்கு அதனின் மிக்க பயன் விளையவில்லை. இதில் வியப்பு என்னவெனில், ஒழுங்கை மேற்கொண்டாரின் எடை குறிப்பிடத்தக்கவாறு குறையாதிருந்தும் நோய் குறைந்தது. நடை தசையின் செவியைத் திறக்கின்றது. திறந்த செவி இன்சுலினின் ஏவலைக் கேட்கின்றது. மிகுதியாகச் சுரக்க வேண்டிய தேவை கணையத்திற்குக் குறைகின்றது. வேரில் ஊற்றிய நீர் கிளைதோறும் செல்வது போல, இவ்வொரு செயலின் பயன் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் யூரிக் அமிலத்திற்கும் ஒருங்கே சென்று சேரும்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை வகுத்தபோது அதன் பெரும்பகுதியை மருந்துக்கு அளிக்காமல் உணவின் அளவுக்கே அளித்தார் என்பதை இலக்கிய வகுப்பில் நாம் படிக்கிறோம். படித்துத் தேர்வு எழுதியபின் உணவு விடுதிக்குச் சென்று மூன்றாம் முறை சோறு வாங்குகிறோம். படிப்பும் வாழ்வும் இங்ஙனம் இரு வேறு தெருக்களில் நடப்பது நமக்கு அழகன்று. ஆதலின் நம் கல்லூரியாரையும் விடுதி மாணவரையும் நோக்கி மூன்று விண்ணப்பங்களைப் பணிவோடு வைக்கின்றேன்.

முதலாவது, விடுதியில் தேநீரையும் காப்பியையும் சர்க்கரையின்றியே ஊற்றுக. சர்க்கரைக் கிண்ணம் ஒருபுறம் இருக்கட்டும். வேண்டுவார் தம் கையால் இட்டுக்கொள்க. தன் கையால் மூன்றாம் கரண்டி இடுபவன் அதனை எண்ணியே இடுவான். இரண்டாவது, சோற்றை அளவின்றியும் பருப்பையும் காயையும் அளந்தும் வழங்கும் முறையை மாற்றுக. செலவு மிகும் என்பர். விழா நாள்களில் குளிர்பானத்திற்குச் செலவிடும் பொருளை இதற்குத் திருப்பினால் பெரும்பகுதி ஈடாகும். 300 மில்லிலிட்டர் புட்டி ஒன்றில் 30 கிராம் அளவுக்குச் சர்க்கரை கரைந்திருப்பதை நாம் நினைப்பதில்லை. மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு முறை நிகழும் மருத்துவ முகாமில் தாளை மட்டும் கொடுத்து அனுப்பாமல், அத்தாளை எவ்வாறு படிப்பது என்று தமிழில் ஒரு மணி நேரம் விளக்குவதற்கு ஒரு மருத்துவரை அழைக்க. அவ்விளக்கத்தைத் தெளிந்த தமிழில் எழுதி அச்சிடும் பொறுப்பைத் தமிழ்த் துறை மாணவராகிய நாங்கள் ஏற்றுக்கொள்வோம். அத்தாளில் உள்ள சொற்களெல்லாம் ஆங்கிலம். அதனைக் கையில் ஏந்தி மருத்துவமனை வாயிலில் நிற்கும் தாய்மாருள் பலர் தமிழ் மட்டுமே அறிந்தவர். அவர் எண்ணைக் காண்கின்றார், பொருளைக் காண்பதில்லை. பொருள் அறியாமையினின்று அச்சம் பிறக்கின்றது. அச்சத்தினின்று பருப்பை விலக்கும் பத்தியம் பிறக்கின்றது.

நம் மொழிக்கு இத்தகைய பணி புதிதன்று. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனைச் சார்ந்த மருத்துவர் கிரீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவர் பிறந்த மொழி தமிழன்று. தமிழையே சிறப்புப் பாடமாக எடுத்துப் பயிலும் நாம், ஒரு குருதிச் சோதனைத் தாளின் ஒரு பக்கத்தை நம் தாயார்க்கு விளங்கும் தமிழில் எழுதித் தரமாட்டோமா?

எண்கள் உயரும், தாழும். அவற்றுள் எது கருத்தா, எது கருவி, எது வெறும் உடன் வந்தது என்று பகுத்தறியும் ஆற்றலே கல்வியின் பயன். யூரிக் அமிலத்தோடும் கொழுப்போடும் நீரிழிவு வருகின்றது. அவற்றையெல்லாம் ஒருங்கே வரவழைப்பது நம் அசையா உடலும், அளவு கடந்த சோறும், அஞ்சாது பருகும் இனிப்புமே. இத்தொடரில் ‘ஆல்’ உருபை உரிய இடத்தில் அமைத்தால், செய்ய வேண்டுவது இன்னதென்பது தானே விளங்கும்.